அட்வான்ஸ் யார் பணம்?

(கோபாலபுரத்தில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் வீட்டுக்காரர்களும் இருக்கிறீர்கள், குடித்தனக்காரர்களும் இருக்கிறீர்கள். ஒரே வீட்டின் மாடியிலிருந்தும் கீழ்த்தளத்திலிருந்தும் தனித்தனியாக வந்து, தனித்தனி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களும் கண்ணில் படுகிறார்கள். எந்தப் பக்கமும் சாயாமல் பேசுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அந்த வாக்கைத் தர முடியாது. சில விஷயங்களில் வீட்டுக்காரர் பக்கம் சாய்வேன். அட்வான்ஸ் விஷயத்தில் குடித்தனக்காரர் பக்கம்தான் நிற்பேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வாடகை வீட்டில் சண்டைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தண்ணீர் மோட்டார், மொட்டை மாடிக் கொடி, இரவு பத்து மணிக்குப் பூட்டப்படும் கேட், ஊரிலிருந்து வந்து பத்து நாள் தங்கிவிட்ட மாமனார். இவை அன்றாட முணுமுணுப்புகள். இவற்றுக்காக யாரும் வக்கீலைத் தேடி வருவதில்லை. வக்கீலிடம் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரே நாளின் சண்டை, காலி செய்கிற நாளின் சண்டை. சாமான் ஏற்றிய டெம்போ தெருவில் நிற்கும். சாவி குடித்தனக்காரர் கையில், அட்வான்ஸ் வீட்டுக்காரர் கையில். பேச்சு இப்படிப் போகும்:

"பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்கறேன் சார். எல்லா இடத்துலயும் வழக்கம்தானே."

"மூணு வருஷம் முன்னாடி நாங்க வந்தப்போ நீங்க பெயிண்டே அடிச்சுத் தரலையே சார்."

"கீசர் வேற ஒழுகுது. பாத்ரூம்ல ரெண்டு டைல்ஸ் கீறல் விட்டிருக்கு."

"அது நாங்க வரும்போதே இருந்தது."

"அப்பவே சொல்லியிருக்கணும்ல?"

வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. குடித்தனக்காரருக்கும் அரைகுறை நினைவுதான். மூன்று வருடத்துக்கு முந்தைய டைல்ஸ் கீறலை யார் மனதில் வைத்திருப்பார்கள்? எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில், பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே தீர்ப்பாகிவிடுகிறது. தன் வழக்குக்குத் தானே நீதிபதி.

கணக்கைப் பாருங்கள். மாதம் 30,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் 3,00,000 ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை தனி. அந்த மூன்று லட்சத்துக்கு வட்டி கிடையாது. அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க இதே பணம்தான் வேண்டும். ஆனால் இந்த வீட்டுக்காரரோ, அடுத்த குடித்தனம் வந்து அவர்கள் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் திருப்பித் தருவேன் என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. வாங்கிய பணத்தில் எப்போதோ பெண் கல்யாணத்தை முடித்திருப்பார், அல்லது மேல்மாடி எழுப்பியிருப்பார்.

இதை நன்றாகத் தெரிந்துகொண்ட குடித்தனக்காரர் என்ன செய்கிறார்? காலி செய்வதாகச் சொன்ன நாளிலிருந்து வாடகை தருவதை நிறுத்துகிறார். "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்" என்கிறார். சேதத்துக்கும் பாக்கிக்கும் ஈடாக வாங்கிய பணம், காலி செய்யும் நாள் வருவதற்குள் கரைந்துபோகிறது. அடிபட்ட வீட்டுக்காரர் அடுத்தவரிடம் இன்னும் கூடுதலாகக் கேட்கிறார். கூடுதலாகக் கொடுத்தவர் இன்னும் அதிகமாகப் பயப்படுகிறார். இரண்டு பக்கமும் யோக்கியர்களாகவே இருந்தாலும் இந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் தொகையையே குறைக்க வேண்டும் என்கிறேன்.

சட்டம் இதை எப்போதோ சொல்லிவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், நியாய வாடகை நிர்ணயமான வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. ஊரில் நடந்தது பத்து மாதம். அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, நில உரிமையாளர், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 11ஆம் பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. ஆனால் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே, ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பத்து மாதம் இன்னும் உயிரோடிருப்பது அந்த வாசல் வழியாகத்தான். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் என்கிறது. நம் சட்டமன்றம் அந்த வாசலைச் சாத்த வேண்டும் என்பது என் கட்சி.

அதே பிரிவில் இன்னொன்று உண்டு. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பிவிட வேண்டும். அடுத்த குடித்தனம் வரும்வரை என்ற பேச்சே அதில் இல்லை.

எது நியாயமான கழிவு? சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ரிப்பேர் வேலைகளை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய்களை மாற்றுவது, உள்ளும் வெளியுமான ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின் பழுது, கீசர், சுவிட்ச், பிளக், தாழ்ப்பாள், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர்கள் முகம் மாறுவது தெரிகிறது! ஆமாம், வெள்ளையடிப்பது உங்கள் பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்பது வெறும் வழக்கம்தான். அதே நேரத்தில் கீசரைக் குடித்தனக்காரர் தட்டிக்கழிக்க முடியாது. மூன்று வருடம் வெந்நீரில் அவர்தான் குளித்தார்.

சாதாரணமாகப் புழங்குவதால் வரும் தேய்மானத்தைச் சட்டம் யார் தலையிலும் கட்டவில்லை. சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி தேய்மானம். ஏசி மாட்டுகிறேன் என்று ஜன்னல் சட்டத்தை அறுத்தால் அது சேதம். இரண்டுக்கும் நடுவில் வரும் சங்கதிகளுக்குத்தான் எழுத்து வேண்டும்.

இனி வீட்டுக்காரர்கள் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அந்தப் பயத்துக்கு வேர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ், 1941இல் சென்னைக்கு வாடகைக் கட்டுப்பாடு வந்தது. அடுத்த ஆண்டே ஜப்பான் குண்டு போடப்போகிறது என்ற பீதியில் ஊர் பாதி காலியானது தனிக் கதை. போனவர்கள் திரும்பினார்கள், கட்டுப்பாடும் தங்கிவிட்டது. 1946, 1949, 1960 என்று சட்டம் மாறி மாறி வந்து நம் காலம்வரை நீண்டது. வீடு காலியானால் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், அரசு ஊழியருக்காக அரசே எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியை, அக்காமடேஷன் கன்ட்ரோலர் என்ற பெயரோடு இங்குள்ள சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள். நியாய வாடகை என்பது வீட்டின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் என்று கணக்கிடப்பட்டது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் போனால் குடியிருப்பு வீட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்ற விலக்கை 1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. விலைவாசி ஏறிய காலத்தில் 400 ரூபாய் என்பது ஏழை பணக்காரர் என்று பிரிக்கும் கோடாக இருக்க முடியாது என்பது அதன் பின்னுள்ள நியாயம்.

விளைவு என்ன? சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்று வழக்குப் போட்டவர், சிறுவழக்கு நீதிமன்றம், மேல்முறையீடு, உயர் நீதிமன்றச் சீராய்வு என்று அலைந்து, தீர்ப்பு வருவதற்குள் வீடு பேரனுக்குத் தேவைப்படும் நிலை வந்தது. வாடகை ஏறாத வீட்டுக்கு யார் ரிப்பேர் பார்ப்பார்கள்? மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகியது, ஒழுகட்டும் என்று விட்டார்கள். இந்தப் பகுதியில் பழைய வீடுகள் இடிந்து மூன்று மாடி அடுக்ககங்களானதற்கு மனை விலை முதல் காரணம் என்றால், இந்த அலுப்பையும் ஒரு காரணமாகச் சேர்க்கலாம்.

ஆனால் பயத்தில் ஒரு பங்கு வெறும் கதை. பல வருடம் தொடர்ந்து குடியிருந்தால் வீடு குடித்தனக்காரருக்கே சொந்தமாகிவிடும் என்பார்கள். ஆகாது. குடியிருக்க விட்டவரின் உரிமையைக் குடியிருப்பவரே மறுக்க முடியாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 116ஆம் பிரிவு இருந்தது. புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி அப்படியே வந்திருக்கிறது. வாடகைக்கு வந்தவர் வாடகைதாரர்தான், முப்பது வருடம் ஆனாலும்.

இன்னொரு கதை பதினொரு மாத அக்ரிமெண்ட். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதற்கு ஒரு மாதம் குறைத்தால் செலவு மிச்சம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள், நாடே பின்பற்றியது. புதிய வாடகைச் சட்டத்தில் அந்தச் சாமர்த்தியம் எடுபடாது. பதினொரு மாதமோ ஐந்து வருடமோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவிலிருந்து வேறானது. இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. அவருக்கு மேல் வாடகை நீதிமன்றம், அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறினால் முதல் படியிலேயே தடுக்கும்.

பழைய குடித்தனக்காரர்கள் இங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறியதையே, வீட்டைக் காலி செய்ய உத்தரவிடுவதற்கான காரணங்களில் முதலாவதாக 21ஆம் பிரிவு வைத்திருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீட்டுக்காரரின் சொந்தத் தேவை எல்லாம் அதற்குப் பிறகுதான். "நாப்பது வருஷமா வாய்ப்பேச்சிலதான் இருக்கோம், அவரும் நல்ல மனுஷன்" என்பது இனிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயமாக இருக்காது. என் பார்வையில் இந்த விதி கடுமையானது. கையெழுத்துப் போட மறுத்தது வீட்டுக்காரராக இருந்தாலும் சுமை குடியிருப்பவர் மேல் இறங்கிவிடக்கூடும்.

சில்லறைத் தகராறுகளில் மின்சாரம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக யூனிட் விலை ஏறும். ஒரே இணைப்பில் மூன்று குடித்தனத்துக்குச் சப் மீட்டர் வைத்தால் மூவருக்கும் சேர்ந்து ஒரு 100 யூனிட்தான், எல்லோரும் உச்ச விலைப் படியில் போய் நிற்பார்கள். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விலை வைப்பார். அவர் லாபம் பார்க்கிறார் என்று இவர் நினைப்பார், மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் நானே கட்டுகிறேன் என்று அவர் நினைப்பார். தனி இணைப்பு வாங்கிவிடுவது உத்தமம். முடியாவிட்டால் மின்வாரிய ரசீதை நடுவில் வைத்து, மீட்டர் விகிதப்படி பிரியுங்கள். கோபத்தில் ஃபியூஸைப் பிடுங்குவதும் தண்ணீர் வால்வை மூடுவதும் மட்டும் கூடவே கூடாது. 20ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் சேவையைத் திரும்பத் தரச் சொல்லி அவர் உத்தரவிடலாம். இதே போல், வீட்டைப் பார்க்க வரும் வீட்டுக்காரர் 24 மணி நேரம் முன்பாக எழுத்தில் சொல்ல வேண்டும். சாவி இன்னொன்று என்னிடம் இருக்கிறது என்று நுழைய முடியாது.

ரசீது. வாடகையைக் கையில் ரொக்கமாகக் கொடு, ரசீது கேட்காதே என்பவர்கள் இன்னும் உண்டு. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்கும் ஊழியர் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். வரி கட்டும் சங்கடம் வீட்டுக்காரருடையது, அதை மாதச் சம்பளக்காரர் தலையில் இறக்கக் கூடாது. வங்கி வழியாகக் கொடுங்கள், அதுவே ரசீது.

'லீஸ்' என்று பலகை தொங்கினால் எச்சரிக்கையாக இருங்கள். மொத்தமாக எட்டு லட்சம், பத்து லட்சம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது. நம் பாட்டன்மார் ஒத்தி, போக்கியம் என்றார்கள், அவர்கள் பத்திரம் எழுதிப் பதிந்தார்கள். இப்போது சாதாரண முத்திரைத்தாளில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் ஒருவர் வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸ் பணம் வாங்கிக்கொண்டு மறைந்துபோகும் மோசடி சென்னையில் பலரைத் தெருவில் நிறுத்தியிருக்கிறது. வில்லங்கச் சான்று பார்க்காமல், வீட்டுக்காரர் முகத்தை நேரில் பார்க்காமல், பதிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்கள் கோயில் வீடுகளைப் பற்றிக் கேட்பீர்கள். அது வேறு உலகம். 1976இலேயே அரசாணை மூலம் கோயில் கட்டடங்கள் வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன, 1985இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அங்கே வாடகை நிர்ணயம் அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவின்படி நடக்கும். இன்று நான் சொல்வதை அங்கே கொண்டுபோய் வாதாடினால் பயன் இருக்காது.

சட்டம் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை. சைவம் மட்டும், குடும்பத்தார் மட்டும் என்ற பலகைகள் இந்தத் தெருக்களிலும் தொங்குகின்றன. பலகையில் எழுதாததைத் தொலைபேசியில் கேட்கிறார்கள்: "நீங்க என்ன ஆளுங்க?" வாடகையை ஒழுங்காகக் கொடுக்கக்கூடியவர், ஒரு பெயரைச் சொன்னதும் வீடு முடிந்துவிட்டது என்ற பதிலைக் கேட்கிறார். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. அதனால் இது தகராறாகவே பதிவாவதில்லை, வீடே கிடைக்காதவர் எந்த நீதிமன்றத்தில் வாடகைதாரராக நிற்பார்?

அட்வான்ஸுக்குத் திரும்புகிறேன். இந்தப் பேட்டையில் பல வீட்டுப் பிள்ளைகள் லண்டனில் வாடகைக்கு இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் 2007 முதல் இந்தப் பணத்தை வீட்டுக்காரர் தன்னிஷ்டப்படி வைத்துக்கொள்ள முடியாது. அரசு ஒப்புதல் பெற்ற காப்புத் திட்டம் ஒன்றில் 30 நாளுக்குள் சேர்க்க வேண்டும். 2019 முதல் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கவும் முடியாது. காலி செய்யும்போது இருவரும் ஒத்துப்போகாவிட்டால், அந்தத் திட்டத்தின் நடுவர் வீட்டுக்குள் நுழைந்த நாளின் விவரப் பட்டியலையும் படங்களையும் பார்த்துச் சொல்வார். பட்டியல் இல்லாத வீட்டுக்காரர் பெரும்பாலும் தோற்பார், ஏனென்றால் பணம் குடியிருப்பவருடையது என்பதிலிருந்துதான் அங்கே கணக்குத் தொடங்குகிறது.

நம்மிடம் அந்தத் திட்டம் இல்லை. பட்டியலுக்கு யார் அனுமதியும் வேண்டாம். சாவி கைமாறும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். அறை அறையாக என்ன இருக்கிறது, என்ன உடைந்திருக்கிறது, பெயிண்ட் எப்போது அடித்தது, மின் மீட்டரில் என்ன எண் என்று எழுதுங்கள். செல்போனில் வீடியோ எடுத்து இருவரும் வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவர் எது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், அவரே சொல்லிவிடட்டும். பெயிண்டிங்குக்குப் பணம் பிடிப்பதென்றால் எத்தனை வருடம் இருந்தால் எவ்வளவு என்று அன்றே எழுதுங்கள். ஒரு வருடத்தில் போகிறவருக்கும் ஆறு வருடம் இருந்தவருக்கும் ஒரே தொகை என்பது கணக்காகாது. அடுக்ககமாக இருந்தால் மாதப் பராமரிப்புக் கட்டணம் யார், லிஃப்ட் மாற்றினால் யார் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அட்வான்ஸ் மூன்று மாதம். கடைசி மாத வாடகையை அதில் கழிக்கக் கூடாது என்று வீட்டுக்காரருக்கு ஒரு வரி. ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று குடித்தனக்காரருக்கு ஒரு வரி.

இவ்வளவுக்குப் பிறகும் ஒத்துவரவில்லையா? உடனே வழக்கு வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தால் இருவரையும் அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. வழக்குப் போட்டுவிட்டவர்கள்கூட உயர் நீதிமன்றத்தின் சமரச மையத்துக்கு அனுப்பும்படி கேட்கலாம். 2005 முதல் அது இயங்குகிறது. வாடகை வழக்குகள் அங்கே முடிவதற்கு ஒரு வசதி உண்டு: இருவருக்கும் உண்மையில் வேண்டியது தேதியும் தொகையும் மட்டும்தான். எப்போது காலி செய்வது, எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற இரண்டும் ஒத்துவந்துவிட்டால், மூன்று வருடமாகக் கோர்ட்டில் திட்டிக்கொண்ட விஷயங்களை யாரும் திரும்பப் பேசுவதில்லை.

நான் சொன்ன பட்டியலின் மாதிரிப் படிவத்தைத் தமிழிலேயே எழுதி நகல் எடுத்து வந்திருக்கிறேன், வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. ஒருவருக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று அந்தப் பக்கத்துக்கு. இனி நீங்கள் கேளுங்கள், வீட்டுக்காரர்கள் முதலில்.